கொட்டாங்குச்சியும் பித்தளைப் பலகையும்

கேள்வி: வங்கக் கதைகளில் நான் விரும்பிப் படித்த துர்கா, ப்யோம்கேஷ், ஃபெலூடா, ஹிமு ஆகியோரைப் புக்மார்க்குகளாக வரைந்துவருகிறேன். முகங்கள் மட்டும் சரியாக அமையவில்லை. திரைப்படங்களைப் பார்த்து வரையலாமா? விற்பதற்கு அனுமதி தேவைப்படுமா?
- ஒரு வாசகி

பதில்: திரைப்படங்களைப் பார்த்து வரைய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படத்தில் இருப்பவர் நடிகர். நீங்கள் விரும்பியவரோ எழுத்தில் இருக்கிறார்.

துர்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' படத்தைப் பார்த்தவர்கள், நாணற்பூக்களுக்கிடையே அக்காவும் தம்பியும் ஓடிச்சென்று ரயிலைப் பார்க்கும் காட்சியைத்தான் உடனே நினைவுகூர்வார்கள். ஆனால் விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. இருவரும் ஒருமுறை ரயில் பாதையைத் தேடிப் புறப்பட்டு, வழி தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். பிறகு, நோயில் படுத்திருக்கும் துர்கா, உடம்பு தேறியதும் தன்னை ஒருநாள் ரயில் பார்க்க அழைத்துப்போவாயா என்று தம்பி அப்புவிடம் கேட்கிறாள். அந்த ஆசை நிறைவேறாமலேயே அவள் இறந்துபோகிறாள் என்பதை அறிந்த ஒருவரால், அவள் அருகே ரயிலை வரைய எப்படி மனம் வரும்?

அதற்குப் பதிலாக, கொட்டாங்குச்சியில் நறுக்கிய மாம்பிஞ்சுகளோடு வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் எடுத்து வரும்படி தம்பியை இரகசியக் குரலில் கேட்கும் துர்காவை வரையுங்கள். வறுமையும் குறும்பும் தம்பியின் மேலுள்ள பிரியமும் அந்த ஒரு கொட்டாங்குச்சியில் அடங்கிவிடும். முகத்தை முழுமையாகக் காட்ட வேண்டிய அவசியமே இராது.

மற்றவர்களுக்கும் இதே வழி பொருந்தும். துப்பறிவாளராக இருந்தும் 'டிடெக்டிவ்' என்ற சொல்லை விரும்பாத ப்யோம்கேஷ், கல்கத்தா ஹாரிசன் சாலை வீட்டின் கதவில் தன் பெயருக்குக் கீழே 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவர், என்று பொறித்த பித்தளைப் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார்; மூடிய கதவும் அந்தப் பலகையுமே ஒரு நல்ல புக்மார்க் ஆகும். ஹிமுவுக்குப் பையில்லாத மஞ்சள் பஞ்சாபியும் (வங்காளிகள் அணியும் நீண்ட சட்டை) டாக்கா வீதியில் நடக்கும் வெறுங்கால்களும் போதும். துப்பறிவாளர் ஃபெலூடாவை, அவரைப் படைத்த சத்யஜித் ராயே வரைந்திருப்பதால் அங்கே நகலெடுக்கும் ஆசை அதிகமாக எழும். ஆகவே ஃபெலூடாவோடு பயணம் செய்யும் எழுத்தாளர் நண்பர் ஜடாயுவின் பச்சை அம்பாசடர் காரிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் குறிப்பிடாத இன்னொரு வங்கக் கதை நாயகனான டெனிதாவையும் வரைய நினைத்தால், அவரும் மூன்று நண்பர்களும் கல்கத்தாவின் படல்டாங்காவில் திண்ணையில் உட்கார்ந்து கதையளப்பவர்கள் என்பதால், அவர்களுக்கு மட்டும் அட்டையைப் படுக்கைவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகத்தை மூடிய பிறகு, அட்டையின் மேற்பகுதியில் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் வெளியே தெரியும். பித்தளைப் பலகையோ காரின் கூரையோ அந்த இடத்தில் அமையட்டும். துர்காவின் அட்டையில் கொட்டாங்குச்சியைத் தாங்கிய கையை அங்கே உயர்த்திவிடலாம்.

விற்பனையைப் பொறுத்தவரை, இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. விபூதிபூஷண் 1950இல் மறைந்தவர் என்பதால் அவருடைய எழுத்து 2010 முடிவிலேயே பொதுவுடைமையாகிவிட்டது. ப்யோம்கேஷைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாய 1970இலும், சத்யஜித் ராய் 1992இலும் மறைந்தார்கள். ஹிமுவைப் படைத்த ஹுமாயூன் அகமதோ 2012இல்தான் மறைந்தார். ஆகவே இவர்களின் பாத்திரங்களை விற்பனைக்குக் கொண்டுவருமுன் உரிமையாளர்களிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடுங்கள். அந்தப் பதில்கள் வரும் வரை துர்காவை வரைந்துகொண்டிருக்கலாம்.