தின்னு அழிக்குதா? – ஒரு கடிதம்

"சார், கப்பல் பெயின்ட்ல இருந்து கடல்ல கலந்த டிரைபியூட்டைல் டின் விஷத்த பாக்டீரியா தின்னு அழிச்சிடும்னு படிச்சேன். அத வளர்த்து துறைமுகத்துல கொட்டிட்டா போதாதா? எந்த பாக்டீரியா பெஸ்ட்?"
– ஒரு எம்.எஸ்சி. மாணவர்

அன்புள்ள தம்பி,

நாலு நாளா இதே நினைப்புலதான் இருந்தேன், உங்க கடிதம் வந்துது. முதல்ல அந்த "தின்னு அழிச்சிடும்"ங்கறத விட்ருங்க. டின்னுன்னா வெள்ளீயம், அது ஒரு தனிமம், எந்த உயிரும் அத அழிக்க முடியாது. நுண்ணுயிர் செய்யறது, வெள்ளீயத்தோட ஒட்டியிருக்கிற மூணு பியூட்டைல் குரூப்ப ஒண்ணொண்ணா கழட்டுறது. டிரை (மூணு) போய் டை (ரெண்டு), டை போய் மோனோ (ஒண்ணு), கடைசில வெறும் கனிம வெள்ளீயம். டைபியூட்டைலும் விஷம்தான் தம்பி, அத அளக்காமலே டிரை குறைஞ்சிருச்சு, சுத்தமாயிருச்சுன்னு எழுதிடறாங்க, படிச்சா எனக்கு ரத்தம் கொதிக்குது. மூணையும் அளக்காத ரிப்போர்ட்ட நம்பாதீங்க, நீங்களும் அப்படி எழுதாதீங்க. டிரைபியூட்டைல் டின் லிட்டருக்கு 1 நானோகிராம் இருந்தாலே சில கடல் நத்தைல பொண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்குது, இதுல பாதிக் கணக்கு எப்படிப் போடுவீங்க?

படிக்கிற காலத்துல துறைமுகச் சேற்ற குழாயில எடுத்து நீளவாக்குல பிளந்து பாத்தேன். மேல நகக்கண் அளவுக்கு பழுப்புப் படலம், அதுக்குக் கீழ பூரா கன்னங்கரேல்னு, அழுகின முட்டை நாத்தம், நடுவுல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்பு பெயின்ட் செதில். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தேன். ஆக்சிஜன் இருக்கிற தண்ணில சில நாள்லயோ சில வாரத்துலயோ பாதி சிதைஞ்சு போற விஷம், ஆக்சிஜன் இல்லாத அந்தக் கறுப்புக்குள்ள வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். லேப்ல கொழுத்த பாக்டீரியாவ அங்க கொட்டினா அது என்ன பண்ணும்? அந்த விஷம் அதோட செல் சவ்வையே கெடுக்கும்.

பெஸ்ட் எதுன்னு கேட்டா பதில் இல்ல. சூடோமோனாஸ் குளோரோராஃபிஸ்ங்கற பாக்டீரியால ஒரு ரகம் இரும்பப் பிடிக்க பையோவெர்டின்னு ஒரு பொருள வெளிய விடுது, அது டிரைஃபினைல் டின்ங்கற, இதே குடும்பத்து இன்னொரு வெள்ளீய விஷத்த உடைக்குது. இரும்புக்காக விட்டது இந்த வேலையும் பாக்குது, எவ்ளோ அழகு!

பிரான்ஸ்ல ஆர்கஷோன் விரிகுடால சிப்பி வளர்ப்பே படுத்துடுச்சு, 1982ல சின்னப் படகுகளுக்கு இந்த பெயின்ட்ட தடுத்தாங்க, அப்புறம்தான் சிப்பிக்குஞ்சு திரும்ப வந்துது. உலக அளவுல தடை அமலுக்கு வர 2008 ஆச்சு. யாரும் பாக்டீரியா கொட்டல, பெயின்ட்ட நிறுத்தினாங்க.

சேறு எடுக்கப் போனா அந்தப் பழுப்புப் படலம் கலையாம எடுங்க. மேல் அடுக்கையும் கறுப்பையும் தனித்தனியா அளந்துட்டு எனக்கு எழுதுங்க, காத்திருக்கேன்.

அன்புடன்.