மெமோவுக்குப் பதில் எழுதுங்கள், ராஜினாமாவை எழுதாதீர்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. திருச்சியில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு ஷோரூமில், டிவி பிரிவில் ஆறு ஆண்டுகள் நான்கு மாதங்களாக வேலை செய்கிறேன். மொத்தம் 34 ஊழியர்கள். எனக்குச் சம்பளம் 24,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சம்பள உயர்வு கேட்டேன். அதற்குப் பதிலாக ‘உதவி மேலாளர்’ என்று அடையாள அட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். வேலை அதேதான், விற்பனை.

தீபாவளிக்கு முன்பு, எங்கள் பிரிவு இலக்கைத் தாண்டினால் ஐந்து பேருக்கும் தலா 6,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று மேனேஜர், தானே அட்மினாக இருக்கும் கடையின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். நாங்கள் தாண்டினோம். வந்தது 3,000. “குழு ஒற்றுமையாக வேலை செய்யவில்லை, அதனால் பாதி” என்றார். அன்று இரவு அதே குழுவில் நான், “ஒற்றுமை இல்லாமலா இலக்கைத் தாண்டினோம்? மீதிப் பாதி யார் வீட்டுப் பட்டாசுக்குப் போனது?” என்று கேட்டுவிட்டேன். நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மறுநாள் எங்கள் பிரிவில் இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் கீழ்ப்படியாமை, அவதூறு, சக ஊழியர்களைத் தூண்டியது என்று மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். “எதற்கு இந்த வம்பு? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நல்லபடியாகப் போய்விடு, இல்லையென்றால் வெளியே எங்கும் வேலை கிடைக்காது” என்கிறார் மேனேஜர். வேலைக்குச் சேரும்போது வாங்கிக்கொண்ட என் அசல் பட்டச் சான்றிதழ் அவர்களிடம்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: மெமோவின் கெடு நெருங்கியதால், விளக்கக் கடிதத்தைப் பற்றி மட்டும் உங்களுக்கு முன்பே தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் இங்கே முழுவதையும் சொல்கிறேன்.

முதலில் ராஜினாமா. எழுத வேண்டாம். மேனேஜர் அதை உங்கள் மேல் உள்ள அக்கறையில் கேட்கவில்லை. உங்கள் ஷோரூமுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஊழியரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கினால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை, ஆனால் முறையான விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் அதை நிரூபித்திருக்க வேண்டும். நீக்க ஆணை கையில் கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். இத்தனையும் முதலாளி உங்களை நீக்கினால்தான். நீங்களாக விலகிவிட்டால் இந்தப் பிரிவில் உங்களுக்கு எதுவும் இல்லை. இத்தனை காலத் தொழிலாளர் வழக்குகளில் நான் அதிகம் பார்த்த காகிதம் பணிநீக்க ஆணை அல்ல, ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்ற ஒற்றை வரிக் கடிதம்தான். எழுத வைத்தது முதலாளியாக இருந்தாலும், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியரின் தலையில்தான் விழும்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால் பதற வேண்டாம். அதே நாளில், அதே மணிநேரத்தில் முடிந்தால் இன்னும் நல்லது, ‘என் விருப்பத்துக்கு மாறாகப் பெறப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்’ என்று மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பிவிடுங்கள். நிர்வாகம் ஏற்பதற்கு முன்பு ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம், ஏற்றுக்கொண்டதாக அலுவலகத்துக்குள்ளேயே எழுதிவைத்துக்கொண்ட கடிதத்தை ஏற்பாகக் கொள்ள மறுத்து, ஊழியரின் பக்கம் தீர்ப்பளித்தது.

‘உதவி மேலாளர்’ பட்டம் உங்களைப் பயமுறுத்துகிறது என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கடைகள் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அடையாள அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை, காலை முதல் இரவு வரை நீங்கள் செய்தது என்ன வேலை என்றுதான் பார்க்கும். யாருக்காவது விடுப்பு அனுமதித்தீர்களா, யாரையாவது வேலைக்கு எடுத்தீர்களா, தண்டித்தீர்களா? இல்லையென்றால் நீங்கள் விற்பனையாளர். பில்களில் உங்கள் விற்பனைக் குறியீடு இருக்கும் அல்லவா, அவற்றில் சிலவற்றின் நகல்களைச் சேர்த்து வையுங்கள். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவதைவிட 41-ஆம் பிரிவை நான் முன்னால் வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கடை விற்பனையாளர் சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளி’தானா என்று அங்கே முதல் ஆண்டு முழுவதும் வாதாடியே போய்விடும். துணை ஆணையரிடம் அந்தக் கேள்வி எழாது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதியவை இரண்டு வாக்கியங்கள். முதலாவது கேள்வி, அதைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. இரண்டாவது திருட்டுக் குற்றச்சாட்டு. பட்டாசு என்று சொல்லி அதை மறைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் இந்த மெமோவுக்கு நிற்கக் கால் இருந்திருக்காது.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தந்த ஒரு தீர்ப்பை நண்பர்கள் உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்ததற்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தந்தார்கள். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். வேலை பார்க்கிற எவருக்கும் நிர்வாகத்தின் மேல் ஏதாவது மனக்குறை இருக்கும், அதைத் தங்களுக்குள் கொட்டித் தீர்க்க உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு. ஆனால் அதை அப்படியே உங்கள் வழக்கில் ஒட்ட முடியாது. அது ஊழியர்கள் தங்களுக்குள் வைத்திருந்த குழு. நீங்கள் எழுதியது மேனேஜரே அட்மினாக இருக்கும் கடையின் குழு. அந்த ஊழியர் பணியாற்றியது அரசு சார்ந்த வங்கி, நேராக உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனு போட முடிந்தது. தனியார் கடைக்கு எதிராக அந்த வழி உங்களுக்குக் கிடைக்காது. இருந்தாலும் தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமானதா என்ற கேள்வி வரும்போது அந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். ஆறு ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்தவரை ஒரு நக்கலுக்காக வேலையை விட்டே அனுப்புவது மிகை என்று வாதிடலாம்.

கட்டைவிரல் காட்டிய நான்கு பேரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் மாதத் தவணை இருக்கிறது.

விளக்கக் கடிதத்துக்கு வருகிறேன். மெமோவை வாங்க மறுக்காதீர்கள், பதில் சொல்லாமலும் விடாதீர்கள். மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வார்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தொனிக்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள், விஷயத்துக்கு அல்ல. “அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை குறைந்ததற்கான காரணத்தைக் கேட்பதே என் நோக்கம். என் சொற்களில் ஒரு பகுதி நிர்வாகத்தைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். யார் மீதும் முறைகேட்டுக் குற்றம் சாட்டவில்லை. கீழ்ப்படியாமை, தூண்டுதல் ஆகிய குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன். அறிவித்த தொகையில் மீதி 3,000 ரூபாயை எனக்கு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.” இந்த அளவு போதும். நாற்காலி, சான்றிதழ், மேனேஜரின் குணநலன் எதையும் இதில் கலக்காதீர்கள், அவற்றுக்குத் தனித்தனிக் கடிதம். நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் விசாரணை என்றால் போய் உட்காருங்கள். உள்விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே ஒரு எனாமல் தொழிற்சாலை வழக்கில் சொல்லிவிட்டது. குற்றச்சாட்டு தெளிவாக இருக்க வேண்டும், சாட்சிகளை உங்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும், நீங்கள் குறுக்கு விசாரணை செய்யவும் உங்கள் தரப்பு சாட்சியைக் கொண்டுவரவும் வாய்ப்பு தர வேண்டும், விசாரணை அதிகாரி காரணங்களுடன் முடிவை எழுத வேண்டும். மேனேஜரே புகார்தாரராகவும் சாட்சியாகவும் விசாரணை அதிகாரியாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். அப்படி நடந்தால் ஆட்சேபத்தை அங்கேயே எழுத்தில் கொடுத்துவிட்டு, தொடர்ந்து பங்கெடுங்கள். கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்தால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள்களுக்குச் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியமாக வர வேண்டும்.

பணம். ஊக்கத்தொகை முதலாளியின் கருணை என்று அவர்கள் வாதிடுவார்கள். பொதுவாக அது சரியான வாதம்தான், முன்கூட்டியே நிபந்தனையும் தொகையும் அறிவிக்காதபோது. உங்கள் மேனேஜர் இரண்டையும் எழுத்தில் அறிவித்துவிட்டார், ‘ஒற்றுமை’ என்ற நிபந்தனை விற்பனை முடிந்த பிறகு முளைத்தது. அந்த அறிவிப்பைத்தான் காப்பாற்ற வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் தேவை. ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், மறு பகுதியை நிபுணர் ஒருவர். எனவே போனை மாற்றாதீர்கள், குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள், உரையாடலை முழுவதும் ஏற்றுமதி செய்து வேறொரு இடத்திலும் வையுங்கள். உங்கள் வாக்கியமும் அதில் இருக்கும், இருக்கட்டும். பாதியை வெட்டிவிட்டுக் காட்டுகிற சாட்சியத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி தண்டனை என்று சம்பளத்தில் கைவைத்தால் அதற்கும் எல்லை உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, அபராதம் அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிடத் தாமதத்துக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கிற கடைகள் ஏராளம். வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

நாற்காலி சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நிர்வாகம் மிகத் தெளிவாகச் சட்டத்தை மீறியிருக்கும் இடம் அதுதான். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு இடையில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார, ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் இதைப் பற்றி மனு கொடுங்கள். ஐந்து பேரும் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. ஊக்கத்தொகைக்குப் பயப்படுகிறவர்கள்கூட நாற்காலிக்குக் கையெழுத்துப் போடுவார்கள் என்பது என் அனுபவம், கால் வலி எல்லோருக்கும் பொது.

அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. கல்லூரிகள் கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்திவைத்த வழக்குகளில், அது அடகு வைக்கிற பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருப்பித் தரும்படி இப்போதே கடிதம் கொடுங்கள். பதினைந்து நாளில் வரவில்லையென்றால் வழக்கறிஞர் அறிவிப்பு, அதன்பின் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. பெரும்பாலும் அறிவிப்பு போன உடனேயே சான்றிதழ் வந்துவிடும்.

கடைசியில் பிரிவதுதான் நல்லது என்று நீங்களே முடிவு செய்யலாம், அதில் தவறில்லை. முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவரிடம் தினமும் வணக்கம் வைத்து டிவி விற்பது எளிதல்ல. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு பிரியுங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டதால் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை உங்கள் உரிமை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 7,500, ஆறு ஆண்டுக்கு 45,000. ஒரு வாட்ஸ்அப் வாக்கியத்துக்காக அதைப் பறிக்க முடியாது. வன்முறை, கலகம், பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம், கடைக்கு ஏற்படுத்திய சேதம் போன்ற சில காரணங்களுக்குத்தான் சட்டம் அதை அனுமதிக்கிறது. கடைசிச் சம்பளம் விலகிய இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். பேரம் பேசுவதானால் பணமும் சான்றிதழும் அனுபவக் கடிதமும் மேசைக்கு வந்த பிறகு ராஜினாமா எழுதுங்கள், அதற்கு முன் அல்ல.

அதுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்குப் போங்கள். மெமோ கொடுத்த கையோடு “நாளை முதல் வர வேண்டாம்” என்று வாயால் சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து ‘தகவல் இன்றி வேலைக்கு வரவில்லை’ என்று கடிதம் அனுப்புவது பழைய தந்திரம். வாசலில் தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அங்கேயே நின்று, ‘இன்று காலை 9.30 மணிக்குப் பணிக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை’ என்று கடையின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.