கட்டுமானத் திட்டங்களுக்குப் பொருள் வாழ்க்கைச் சுழற்சிப் பார்வை பொருந்துமா?

ஒரு பொருளை வடிவமைப்பிலிருந்து தயாரிப்பு, பயன்பாடு, பராமரிப்பு, அகற்றல் வரை ஒரே தொடராகப் பார்ப்பதுதான் இந்தப் பார்வை. கட்டுமானத்துக்கும் இது பொருந்தும், ஆனால் அப்படியே அல்ல. கார் என்றால் பிழையை அடுத்த மாடலில் திருத்தலாம். பாலம் ஒன்றுதான், அதனால் பராமரிப்புக் காலத்துக்குத்தான் எடை அதிகம்.

இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் 1967-இல் திறக்கப்பட்டது. அதன் தாங்கு கம்பிகள் கான்கிரீட்டுக்குள் பொதிந்திருந்தன. துருப்பிடித்தாலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 2018-இல் அது இடிந்து 43 பேர் இறந்தனர். ‘இதைப் பிற்பாடு எப்படிச் சோதிப்பது?’ என்பது வடிவமைக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி. 2020-இல் அங்கே திறந்த புதிய பாலத்தில் உணரிகளும் ஆய்வு ரோபோக்களும் உண்டு.

நடைமுறையில் தகவல் அறுந்துபோவது, கட்டி முடித்ததை உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது. ஒப்பந்ததாரர் பில்லை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் (வரைபடங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது!). தனக்கு என்னென்ன தகவல் வேண்டும் என்பதை உரிமையாளரே தொடக்கத்தில் வரையறுக்க வேண்டும் என்கிறது கட்டுமானத் தகவல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 19650. அந்தத் தகவலைக் கையாள மென்பொருள் வாங்குவதெல்லாம் அதற்கப்புறம்.