ஆன்லைன் பட்டப்படிப்பு வந்துவிட்ட பிறகு சின்ன ஊர்களுக்கு அரசுக் கல்லூரி எதற்கு?

கட்டாயம் வேண்டும். நான் கமுதிப் பக்கம். பஸ் ஏறிப் போய் அரசுக் கல்லூரியில் பி.காம் படித்தவள். என் சித்தி மகள் இப்போது வீட்டிலிருந்தே சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் படிக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

அவள் படிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2020இல் தொடங்கிய படிப்பு அது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேர்ந்துவிடலாம். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த கட்டத்தைப் பொறுத்துச் சான்றிதழோ டிப்ளமோவோ கைக்கு வரும். ஹாஸ்டல் செலவு இல்லை. வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்காத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் கட்டணத்தையும் ஹாஸ்டலையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நான் காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை என்னை யாரும் ஒரு வேலை ஏவ முடியாது. அவளுக்கு அப்படி இல்லை. காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால், "வீட்லதானே இருக்க, மாவைக் கொஞ்சம் அரைச்சிரு" என்று குரல் வரும். கேஸ் சிலிண்டர் வந்தால் அவள்தான் எழுந்து போக வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒரு மணி நேரப் பாடத்தை மூன்று மணி நேரம் பார்ப்பாள். சோம்பேறித்தனம் இல்லை அது. படிக்கிற பெண் என்று வீடு அவளை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம்கூட அஞ்சல் வழி, திறந்தநிலைப் படிப்புகளுக்குக் கிடையாது.

அப்புறம் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். அந்த எட்டு மணி பஸ்ஸே கல்லூரிக்காக விட்டதுதான். அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் மிளகாய் விற்கப் போகிறவர்களும் வந்தார்கள். ஜெராக்ஸ் கடை, மெஸ், வாடகைக்குக் குடிவந்த பேராசிரியர் குடும்பங்கள், என்எஸ்எஸ் முகாம் என்று எல்லாம் அந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான். பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்புகளை முழுக்க ஆன்லைனில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதிப்பதும் இல்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் வேண்டுமென்றால் யாராவது எங்கேயாவது நேரில் போய்த்தான் படித்தாக வேண்டும்.

இருக்கிற கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபை சாயங்காலம் ஆன்லைனில் படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு அறை, நல்ல இணைப்பு, ஒரு பொறுப்பாளர் போதும்.

என் சித்தி மகளின் படிப்பிலும் தேர்வை நேரில்தான் எழுத வேண்டும். அவளுக்கு மதுரையில் மையம் போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போனாள். அங்கே முதுகுளத்தூர், சாயல்குடிப் பெண்கள் இரண்டு பேரைச் சந்தித்திருக்கிறாள். அவர்களும் அதே படிப்புதான், இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருவரையொருவர் தெரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் கிளை நூலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் மாவரைக்க அவளை யாரும் கூப்பிடுவதில்லை.