விரலைத் துடைத்த பஞ்சும் தட்டையாகிப்போன கோடும்

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இதுவரை 24 பேரிடம் இசிஜியையும் தோலின் மின்கடத்துதிறனையும் பதிவு செய்திருக்கிறேன். 5 நிமிட ஓய்வு, அதன்பின் 2 நிமிட மனக்கணக்கு. விடையை உரக்கச் சொல்ல வேண்டும். மின்முனை ஒட்டும் இடங்களையெல்லாம் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் நன்றாகத் துடைத்துவிட்டு, இசிஜி ஒட்டுப்பட்டைகளையே நெஞ்சிலும் விரல்களிலும் ஒட்டினோம். இசிஜியில் மின்சார இரைச்சல் அடர்த்தியாக இருக்கிறது. விரலில் எடுத்த கோடு பாதிப் பேருக்கு மேல் தட்டையாகக் கிடக்கிறது. எந்த வடிகட்டியைப் போட்டால் தரவைக் காப்பாற்றலாம்? இன்னும் 30 பேரைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பதில்: இன்னும் 30 பேர் இருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வடிகட்டியால் மீட்கக்கூடியது உங்கள் தரவில் ஒரு பாதிதான். மற்றப் பாதி பஞ்சைக் கையில் எடுத்தபோதே போய்விட்டது.

மீட்கக்கூடிய பாதியை முதலில் பார்ப்போம். துடிப்பு ஆய்வுக்கு இசிஜியின் முழு வடிவமும் தேவையில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழும் உச்சிகளான ஆர் முகடுகள் எந்தக் கணத்தில் நிற்கின்றன என்று தெரிந்தால் போதும். மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலோ, சில நாடுகளில் 60 ஹெர்ட்ஸிலோ வரும். அந்த இரைச்சலுக்கு மேல் முகடு தலைநீட்டித் தெரிகிறதென்றால், அந்த ஓர் அலைவெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் உங்களுக்குப் போதும். அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் சமமாக இருந்தால் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். மின்பெருக்கி தன் எல்லையை எட்டிவிட்டது என்று அதற்குப் பொருள். அங்கே மீட்பதற்குத் தகவலே இல்லை.

வடிகட்டிய பிறகு முகடு தேடும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துடிப்புகளுக்கு இடையே சராசரியாக 850 மில்லிநொடி என்றால், 5 நிமிடத்தில் ஏறக்குறைய 350 துடிப்பு. அதில் ஒரே ஒரு முகடு தவறினால் ஓர் இடைவெளி 1700 மில்லிநொடியாகிவிடும். அடுத்தடுத்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்று சொல்லும் அளவு ஆர்எம்எஸ்எஸ்டி. அந்த ஒரு பிழையால், 35 மில்லிநொடியாக இருக்க வேண்டிய அது 73-ஐத் தொடும். முந்நூற்றைம்பதில் ஒன்று தவறியதற்கே அளவு இரண்டு மடங்காகிறது. 24 பேரின் பதிவையும் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

இனி விரல். நெஞ்சிலும் விரலிலும் ஒட்டுவது தோலின்மேல்தான். ஆனால் நெஞ்சில் தோல் நமக்குத் தடை. இதயத்தின் மின்னோட்டம் உள்ளேயிருந்து வெளியே வரவேண்டும். தோலின் மேலே படிந்திருக்கும் இறந்த செல்களின் அடுக்கு அதை மறிக்கிறது. அதனால் அங்கே ஆல்கஹாலால் துடைப்பதும், லேசாகத் தேய்ப்பதும் சரியான வேலை. விரலிலோ அந்த அடுக்கையும் அதன் ஊடே திறக்கும் வியர்வை நாளங்களையும்தான் நாம் அளக்கிறோம். இரண்டு மின்முனைகளுக்கு இடையே 0.5 வோல்ட் போன்ற சிறிய, மாறாத மின்னழுத்தத்தைக் கொடுத்து, நாளங்களில் வியர்வை ஏறி இறங்கும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறோம். உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை, பதற்றத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலத்திலிருந்து மட்டுமே வருகிறது. இந்த அளவீட்டின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. ஆல்கஹாலைத் தேய்த்தால் அளக்கவேண்டிய பொருளையே உலர்த்திக் கலைத்துவிடுகிறோம். சோப்பும் வேண்டாம், அது தோலை உப்பவைக்கும். பங்கேற்பாளர் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கைகழுவி, துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும்.

ஜெல்லும் வேறுதான். இசிஜி ஒட்டுப்பட்டையின் ஜெல்லில் உப்பு மிகுதியாக இருக்கும். நெஞ்சில் அது நன்மை. விரலில் அந்த உப்பு நாளங்களுக்குள் இறங்கி அளவைத் திரித்துவிடும். உளஉடலியல் ஆய்வுச் சங்கத்தின் இதழில் 1981-இல் வெளியான பரிந்துரை, வியர்வையின் உப்புக்கு நெருக்கமான 0.05 மோலார் சோடியம் குளோரைடு கலந்த களிம்பைத்தான் சொல்கிறது. 2012-இல் அதே துறையினர் புதுப்பித்த பரிந்துரையிலும் இது மாறவில்லை. தோல் கடத்துதிறனுக்கென்றே விற்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகளையும் அதற்குரிய ஜெல்லையும் வாங்குங்கள். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உட்புறத்திலோ, உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டிலும் அதற்கு எதிர்ப்புற மேட்டிலுமோ ஒட்டலாம். ஒட்டிய உடனே பதிவைத் தொடங்காதீர்கள். ஜெல் தோலில் ஊறி நிலைபெற 5 முதல் 10 நிமிடம் ஆகும். கை சில்லிட்டிருந்தாலும் கோடு படுத்துக்கொள்ளும். அறை 22–24 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும், வெளியிலிருந்து வந்தவருக்குக் கை சூடேற நேரம் கொடுங்கள்.

பதிவுக்கு முன் ஒரு சோதனையை ஒருவரிடம்கூடத் தவறவிடாதீர்கள். “ஆழமாக ஒரு மூச்சு இழுத்து விடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள். முதல் நொடியில் ஒன்றும் நடக்காது. இரண்டாவது நொடி வாக்கில் கோடு மெல்லத் தலைதூக்கும், விறுவிறுவென்று ஏறும், உச்சியில் வளைந்து, ஏறியதைவிட நிதானமாக இறங்கும். வியர்வை நாளம் நிறைந்து வடிவது அப்படியே கண்முன் தெரியும். அந்த மேடு வராவிட்டால் பதிவைத் தொடங்காமல் மின்முனையை மாற்றி ஒட்டுங்கள். கருவியின் அளவெல்லையைச் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு மேடு வராது. அவர்கள் உடலின் இயல்பு அது. அவர்களை விலக்குவதா, சேர்ப்பதா என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு முடிவெடுத்தால் நம் விருப்பம் உள்ளே நுழைந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது இரைச்சலைவிடப் பெரிய சிக்கல். விடையை உரக்கச் சொல்லவைத்திருக்கிறீர்கள். பேசும்போது மூச்சின் ஒழுங்கு உடைகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு விரைவதும் விடும்போது தணிவதும் இயல்பு. இதயத் துடிப்பு மாறுபாட்டில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஓய்வில் வாயை மூடி உட்கார்ந்தவரையும் கணக்கின்போது பேசியவரையும் ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு மன அழுத்தத்தால் வந்ததா, பேச்சால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. அடுத்த 30 பேருக்கு விடையை விசைப்பலகையில் அழுத்தச் சொல்லுங்கள். உரக்கச் சொல்வதுதான் ஆய்வுக்கு முக்கியம் என்றால், திரையில் வரும் எண்களை அதே வேகத்தில் வெறுமனே வாசிக்கும் ஒரு கட்டத்தையும் ஒப்பீட்டுக்குச் சேருங்கள். எதைத் தேர்ந்தாலும் நெஞ்சில் ஒரு சுவாசப் பட்டை கட்டிவிடுங்கள். செயல்முறை மாறுவதால் இந்த 30 பேரையும் முந்தைய 24 பேரையும் ஒரே குவியலாகக் கலக்க முடியாது; வழிகாட்டியிடம் இப்போதே பேசிவிடுங்கள், செயல்முறை மாற்றத்துக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதலையும் பெறுங்கள்.

5 நிமிடத்தையும் 2 நிமிடத்தையும் நேருக்கு நேர் வைப்பதும் தவறு. எல்லா இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் எஸ்டிஎன்என் போன்ற அளவு, பதிவு நீள நீளத் தானே வளரும். ஏற்கெனவே எடுத்த தரவில் ஓய்வின் கடைசி 2 நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சராசரித் துடிப்பையும் ஆர்எம்எஸ்எஸ்டியையும் ஒப்பிடுங்கள். துடிப்பின் மெதுவான ஏற்ற இறக்கங்களைப் பார்க்கும் தாழ் அலைவெண் பகுப்பாய்வைத் தொடவே வேண்டாம். அந்த அலைவெண் வரம்பு தொடங்கும் 0.04 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 25 நொடி. 2 நிமிடத்தில் ஐந்து அலைகூட முழுதாக வராது. 1996-இல் வெளியான ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் சங்கங்களின் கூட்டுப் பரிந்துரை குறுகிய பதிவுக்கு 5 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. புதிதாகப் பதிவு செய்யும்போது இரண்டு கட்டங்களையும் 5 நிமிடமாக்கிவிடுங்கள்.

இரைச்சலை வரும் வழியிலேயே மறிக்க அதிகச் செலவில்லை. கம்பிகளைத் தொங்கவிடாமல் ஒன்றோடொன்று முறுக்கி உடலோடு ஒட்டி வையுங்கள். விரிந்து கிடக்கும் வளையம் ஆன்டெனாபோல் காந்தப்புலத்தைப் பிடிக்கும். சார்ஜரையும் நீட்டிப்புப் பலகையையும் நாற்காலியிலிருந்து தள்ளி வையுங்கள். நெஞ்சு மின்முனைகளில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று அரைகுறையாகவும் ஒட்டியிருந்தால், எவ்வளவு நல்ல மின்பெருக்கியும் இரைச்சலைக் கழிக்கத் திணறும். உங்கள் பதிவில் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிகாரம் பற்றியும் ஒரு சொல். பணியைக் காட்டும் கணினி ஒன்று, பதிவுக் கருவி ஒன்று என்றால், இரண்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகு ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடியாகும். இதைக் கவனிக்காததால், கண்சிமிட்டல் அனிச்சையைப் பதிவு செய்த ஒரு முழு ஆய்வை நான் மறுபடி நடத்த நேர்ந்தது. தோல் கடத்துதிறன் 1 முதல் 3 நொடி தாமதித்து வருவது என்பதால் உங்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் பதிவுக் கருவிக்கு நேரத்தைக் குறிக்கும் ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டால் போதும்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடக் கூடாது. அறிமுகமில்லாத அறையில், நெஞ்சில் கம்பி ஒட்டிக்கொண்டு, “ஷாக் அடிக்குமா?” என்று கேட்கத் தயங்கி உட்கார்ந்திருப்பவரின் ஓய்வுப் பதிவு ஓய்வே அல்ல. ஒவ்வொரு கம்பியும் எதை அளக்கிறது, அதில் எதையும் அவர் உணரமாட்டார் என்று ஒட்டும்போதே சொல்லுங்கள். நெஞ்சில் ஒட்டும் பட்டைகளைப் படம் பார்த்துத் திரைமறைவில் அவரே ஒட்டிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பையும் கொடுங்கள். காபி, புகை, மருந்துகள், முந்தைய இரவின் தூக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவரின் துடிப்பும், சுரப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவரின் வியர்வையும் உங்கள் கணக்குக்குக் கட்டுப்படாது. உடலோடு இணையும் மின்பெருக்கி மின்காப்பு பெற்ற வகைதானா என்பதைக் கருவியின் கையேட்டில் சரிபாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் தெரிந்தால் யாரிடம் சொல்வது, என்ன சொல்வது என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். நாம் மருத்துவர் அல்ல. ஆனால் பார்த்ததைப் பார்க்காததுபோல் விட்டுவிடவும் முடியாது.

தட்டையாகக் கிடக்கும் அந்த விரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். எத்தனை பேரின் பதிவு, எந்தக் காரணத்தால் விலக்கப்பட்டது என்பதை ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். ஆல்கஹாலையும் இசிஜி ஜெல்லையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்.