ஐந்து கோடி கேட்டு நோட்டீஸ் வந்தால்…

செய்தியாளர்களும் சிற்றிதழ் நடத்துபவர்களும் அனுப்பிய சட்டக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின் பிரிவு எண்களையே தருகிறோம். பழைய எண்களே நாவில் பழகியவை என்பதால் சில இடங்களில் அவையும் உண்டு.

கேள்வி: மணல் குவாரி பற்றிய கட்டுரைக்காக, ஏழு நாளில் மன்னிப்புக் கேட்காவிட்டால் 5 கோடி ரூபாய் நஷ்டஈடு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பதில் போடாமல் இருந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?
— மாத இதழ் ஆசிரியர், கரூர்

ஆகாது. அது நீதிமன்றத்தின் ஆணை அல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய கடிதம். ஏழு நாள் கெடுவும் அவர் வைத்ததுதான். இருந்தாலும் பதில் அனுப்புவது நல்லது. நாளைக்கு வழக்கு என்று போனால், குற்றச்சாட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுரையில் உறுதியாக நின்றீர்கள் என்பதற்கு அந்தப் பதில் சாட்சியாக இருக்கும்.

முதல் வேலை பதில் எழுதுவது அல்ல. அந்தக் கட்டுரைக்காகச் சேர்த்த குறிப்பேடு, ஒலிப்பதிவு, தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) வாங்கிய பதில், கருத்துக் கேட்டு அவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டி வையுங்கள். பயத்தில் எதையும் அழித்துவிடக் கூடாது. சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய ஆவணத்தையோ மின்பதிவையோ அழிப்பது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 241-ன் கீழ் தனிக் குற்றம். அவதூறு வழக்கில் தப்பித்து இதில் மாட்டிக்கொண்டால் பரிதாபம்.

அடுத்து, நோட்டீஸ் எந்த வரியைக் குறிவைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முழுக் கட்டுரையும் பொய் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் உண்மையில் சிக்கல் இரண்டு மூன்று வரிகளில்தான் இருக்கும். அவற்றில் ஒன்று நிஜமாகவே தவறு என்றால், அதற்கு மட்டும் திருத்தம் போடுங்கள். முதல் பக்கத்தில் வந்த தவறுக்கு ஆறாம் பக்க மூலையில் திருத்தம் போட்டால் நீதிபதி அதையும் கவனிப்பார்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். வக்கீல் கையெழுத்தில், 'எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற வாசகத்துடன் போகட்டும். ஆசிரியரே கோபத்தில் நாலு பக்கம் எழுதும்போதுதான் காரியம் கெடுகிறது. ஆவணப் பட்டியலை முன்கூட்டியே காட்டிவிடுகிறார், கட்டுரையில் இல்லாத புதுக் குற்றச்சாட்டைச் சேர்க்கிறார், 'உங்கள் அலுவலகத்தில் இருப்பவரே சொன்னார்' என்று எழுதித் தகவல் தந்தவரையே காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

ஐந்து கோடியைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். நோட்டீஸில் தொகை எழுதச் செலவில்லை. வழக்காகப் போட்டால் நீதிமன்றக் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றத்தில் 3 சதவீதம் என்றால் 15 லட்சம் ரூபாய். அதனால்தான் பல கோடிகள் வழக்குமனுவில் லட்சங்களாகச் சுருங்குகின்றன. காலக்கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள்: உரிமையியல் மான நஷ்ட வழக்கு போட, கட்டுரை வெளியானதிலிருந்து ஓராண்டு. குற்றவியல் அவதூறுப் புகாருக்கு மூன்றாண்டு. பழைய கட்டுரையை மாற்றி மறுபடி வெளியிட்டால் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கும் என்று வாதிட இடம் கொடுத்ததாகும். ஆகவே வழக்கு மிரட்டல் இருக்கும்போது அதைத் தூசு தட்டி மறுபதிவிடாதீர்கள்.

கேள்வி: 'என்று கூறப்படுகிறது' என்று முடித்தால் சட்டப் பாதுகாப்பு உண்டுதானே?
— பகுதிநேரச் செய்தியாளர், தேனி

இல்லை. ஒருவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் அவதூறுதான். 'கூறப்படுகிறது' என்றால் யார் கூறினார், எங்கே கூறினார் என்பதுதான் அடுத்த கேள்வி. குற்றப்பத்திரிகை, தணிக்கை அறிக்கை, தீர்ப்பு போன்ற பொது ஆவணத்தில் இருக்கிறது என்றால் ஆவணத்தின் பெயரையும் தேதியையும் போடுங்கள். அந்தப் பெயருக்கும் தேதிக்கும் இருக்கும் பலம் நூறு 'கூறப்படுகிறது'களுக்கு இல்லை.

கேள்வி: உள்ளூர்ப் பிரமுகர் கொடுத்த அவதூறுப் புகாருக்காகக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி போன் வருகிறது. போக வேண்டுமா?
— வாசகர், தென்காசி

புகார் அவதூறு மட்டும்தான் என்றால் போலீஸுக்கு அதில் வேலையே இல்லை. பி.என்.எஸ். 356 (பழைய 499, 500) பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் விசாரிக்கவும் முடியாது. பாதிக்கப்பட்டவர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும், பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 223-ன்படி உங்கள் தரப்பைக் கேட்காமல் புகாரைக் கோப்புக்கு எடுக்க முடியாது. பழைய சட்டத்தில் இல்லாத வாய்ப்பு இது. புகார் கொடுத்தவர் உண்மையில் பாதிக்கப்பட்டவர்தானா, காலக்கெடு தாண்டிவிட்டதா என்ற வாதங்களை அங்கேயே வைக்கலாம். வெளியூர் நீதிமன்றத்தில் புகார் என்றால், 225-ன்படி சம்மனுக்கு முன் மாஜிஸ்திரேட் விசாரித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் சம்மன் அனுப்பியிருந்தால் உயர்நீதிமன்றத்தில் ரத்து மனு (528, பழைய 482) போட நல்ல காரணம்.

ஆனால் ஒன்று. புகாரில் பி.என்.எஸ். 196 (சமூகங்களிடையே பகை மூட்டுதல்), 353 (வதந்தி) போன்ற பிரிவுகளைச் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போடுவது பழக்கமாகிவிட்டது. போனில் கூப்பிட்டால், பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் எழுத்து மூலம் நோட்டீஸ் கேளுங்கள். அது வந்துவிட்டால் போகாமல் இருக்கக் கூடாது. வக்கீலோடு போங்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்துக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பி.என்.எஸ்.எஸ். 173(3)-ன்படி முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் பிரதி வக்கீலின் பையில் இருக்கட்டும்.

கேள்வி: தகவல் தந்தவர் யார் என்று போலீஸ் கேட்டால் மறுக்க முடியுமா? செல்போனைப் பிடுங்கிக்கொண்டால்?
— செய்தியாளர், சென்னை

இதில் ஆறுதல் குறைவு. வக்கீலுக்கு இருப்பதுபோல, செய்தியாளருக்கும் தகவலாளரைக் காக்கும் தனிச்சட்டம் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. 1978-ம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2), தகவலாளர் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் அந்த வரம்பு கவுன்சில் நடத்தும் விசாரணைக்குத்தான். ஆகவே வக்கீல் கருத்துச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டம் 19(1)(அ)-வைப் பிடித்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று, தகவலாளர் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது இங்கே கைகொடுக்கும். அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிவு விசாரணையில் வாங்கிவைத்த செய்தியாளர்களின் செல்போன்களைத் திருப்பித் தரும்படி 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் உதவும்.

போனை எடுக்கும்போது செய்ய வேண்டியது: எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். பறிமுதல் மகஜரில் (எடுத்ததைப் பற்றிய போலீஸ் பதிவு) போனின் மாடலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (போனுக்கே உரிய அடையாள எண்) இருக்கின்றனவா என்று சரிபார்த்துப் பிரதி வாங்குங்கள். பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். எடுத்தார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, உள்ளிருக்கும் தரவின் ஹேஷ் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். எடுத்த அன்றே அதைக் குறிக்காவிட்டால், பிறகு போனுக்குள் எதையாவது திணித்திருந்தாலும் நிரூபிப்பது கடினம். கடவுச்சொல் தரக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தருவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள். போனைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 503-ன் கீழ் மனு போடலாம்.

இத்தனைக்கும் மேலாக நாங்கள் சொல்வது, தகவலாளரின் பெயர் போனிலேயே இருக்க வேண்டாம். இல்லாத பெயரைக் காப்பாற்ற வழக்கு நடத்த வேண்டியதில்லை.

கேள்வி: எங்களைக் கேட்காமலேயே கட்டுரைக்கு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். இது எப்படி நடக்கிறது?
— இணைய இதழ் ஆசிரியர், கோவை

வழக்குப் போட்ட அன்றே, 'அவசரம்' என்று சொல்லி ஒருதரப்பாகக் கேட்டு வாங்குவார்கள். விசாரணை நீதிமன்றத்தில் ஒரு பக்க உத்தரவு போதும், கட்டுரை மாதக்கணக்கில் முடங்கிவிடும். புளூம்பெர்க் செய்தி நிறுவனம் மீது ஜீ தொலைக்காட்சி நிறுவனம் போட்ட வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2024 மார்ச் 1 அன்று டெல்லி நீதிமன்றம் கட்டுரையை நீக்கச் சொன்னது. டெல்லி உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணை முடியுமுன் கட்டுரையைத் தடுப்பது மிக அரிதாகவே செய்ய வேண்டியது, வெளியிட்டது பொய் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் ஒழியக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 3-ஐப் படியுங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால் அதற்கான காரணத்தை நீதிபதி பதிவு செய்ய வேண்டும். மனுதாரர் உடனே எல்லா ஆவணங்களையும் உங்களுக்கு அனுப்பி, அனுப்பியதாகப் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். இவற்றில் ஓட்டை இருந்தால், விதி 4-ன் கீழ் தடையை நீக்கக் கேட்கும் மனுவில் அதுவே முதல் வாதம்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது கேவியட். பிரிவு 148அ-வின்படி, எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே மனு வைப்பது. அதன் ஆயுள் 90 நாள். பலர் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள், 91-வது நாள் வழக்கு வரும். இன்னொரு பொறி: சென்னையில் மட்டும் கேவியட் வைத்திருப்பீர்கள், எதிர்த்தரப்பு பெங்களூரில் வழக்குப் போடும். இணையக் கட்டுரை எங்கும் படிக்கக் கிடைக்கும் என்பதால் அங்கேயும் போட முடிகிறது. மனுதாரரின் வீடும் தலைமை அலுவலகமும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து அங்கெல்லாம் வையுங்கள்.

கேள்வி: அமைச்சரை விமர்சித்தால் அரசு வக்கீலே வழக்குப் போடுவது சரியா?
— வாசகி, மதுரை

சட்டத்தில் வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 199(2), இப்போது பி.என்.எஸ்.எஸ். 222(2). அமைச்சரின் அலுவல் சார்ந்த செயல் பற்றிய அவதூறு என்றால், அரசு அனுமதியோடு அரசு வழக்கறிஞர் ஆறு மாதத்துக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இதைத் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் பத்திரிகையாளர் என்.ராம் உள்ளிட்டோர் மீதான இத்தகைய வழக்குகளை ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் தபால் நிலையம்போல் நடக்கக் கூடாது, தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. நக்கீரன் இதழ் தொடர்பான ஆர்.ராஜகோபால் தீர்ப்பு (1994) இன்னும் அடிப்படையானது: அதிகாரியின் அலுவல் சார்ந்த செயல் பற்றி எழுதியதற்கு அவர் நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், எழுதியது பொய் என்பது மட்டும் போதாது. உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதியதாகவும் நிரூபிக்க வேண்டும். நியாயமான முறையில் சரிபார்த்தோம் என்று எழுதியவர் காட்டினால் போதும்.

கேள்வி: பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரை மாற்றிவிட்டு, ஊரையும் பள்ளியையும் போடலாமா?
— இதழியல் மாணவர், திருச்சி

கூடாது. பெயர் மட்டுமல்ல, அடையாளம் தெரியவைக்கும் எதுவும் பி.என்.எஸ். 72-ன் கீழ் குற்றம். சிறார் என்றால் போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) 23 பள்ளியையும் அக்கம்பக்கத்தையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. அப்பாவின் தொழிலும் தெருவின் பெயரும் சேர்ந்தால் கிராமத்தில் அதுவே அடையாளம். புகைப்படத்தில் முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் இருக்கும் கடைப் பலகையை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது.