ஆட்குறைப்பில் வேலை போனதை நேர்முகத் தேர்வில் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகள் பணியாற்றிய என்னை ஆட்குறைப்பு என்று கூறி அனுப்பிவிட்டார்கள். புதிய இடத்தில் இதைச் சொன்னால் என்னைத் தாழ்வாக நினைப்பார்களோ என்று தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது, ஆனால் திறமைக் குறைவால் ஒருவர் நீக்கப்படுவதும், அவர் வகித்த பணியிடமே இல்லாமல் போவதும் வேறு வேறு என்பது ஆள் எடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே, பணியிடம் நீக்கப்பட்டதே காரணம் என்று குறிப்பிடும் கடிதத்தைப் பழைய நிறுவனத்திடம் இப்போதே கேட்டுப் பெறுங்கள். நேர்முகத் தேர்வில், "எங்கள் பிரிவைச் சுருக்கியதில் என் பணியிடமும் போய்விட்டது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அங்கு நீங்கள் செய்தவற்றுக்குப் பேச்சைத் திருப்புங்கள். பழைய நிர்வாகத்தின் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும் அங்கே அதைக் காட்ட வேண்டாம்.

தன்விவரக் குறிப்பில் "கணக்குகளைக் கவனித்தேன்" என்று எழுதுவதைவிட, நிலுவைத் தொகைகளை வசூலித்தது, தணிக்கைக்கு ஆவணங்களைத் தயார் செய்தது, புதிய மென்பொருளுக்குக் கணக்குகளை மாற்றியது என நீங்கள் உண்மையில் செய்தவற்றை, முடிந்தால் எண்களோடு எழுதுங்கள். விளம்பரத்துக்கு வராமலே நிரம்பும் இடங்களும் உண்டு என்பதால், முன்னாள் சக ஊழியர்களிடமும் உங்களோடு பழகிய தணிக்கையாளர்களிடமும் வெட்கப்படாமல் பேசுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தப் பொறுப்பு, எத்தகைய நிறுவனம் என்று குறிப்பாகச் சொன்னால்தான் அவர்களுக்கு உங்கள் நினைவு வரும்.